ரீமாஸ்டர் வினைல்: சத்தம் ஏறியிருக்கிறது, டிரம்ஸ் எங்கே?

#1 ஊசிமுனை

எழுபதுகளில் வந்த ஒரு ராக் ஆல்பம். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தக் குழுவின் பக்கம் போய்விடும். அதன் முதல் பதிப்புத் தட்டை 15 வருடமாகக் கேட்டுவருகிறேன். தேய்ந்துபோய் அமைதியான இடத்தில் எல்லாம் பொரிகிறது. அதனால் ரீமாஸ்டர் பதிப்பு வந்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். 180 கிராம் தட்டு, தடித்த அட்டை, உள்ளே படங்கள்.

முதல் பத்து வினாடி அசத்தல். பேஸ் அப்படியே தரையிலிருந்து எழும்புகிறது. மூன்றாவது பாட்டுக்குள் எனக்குக் களைத்துவிட்டது. டிரம்ஸ் அடிக்கிறார் என்று தெரிகிறது, அடி மட்டும் விழவில்லை. மெதுவான பாட்டும் வேகமான பாட்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டில் பாடகர் 'ஸ' சொல்லும் ஒவ்வொரு முறையும் எச்சில் தெறிப்பது போல ஒரு சீறல்.

அதே வாரம் ஒரு ராக் கச்சேரிக்கும் போனேன். அங்கேயும் இதே கதை. கிட்டார் எது, கீபோர்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் காதில் 'கீ' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வயதாகிறதா, இல்லை எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டார்களா?

#2 கருந்தட்டு

வயதும் ஆகிறது, கத்தவும் செய்கிறார்கள் :)

முதலில் ஒன்று பாருங்கள். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே பாட்டு இல்லாத வழவழப்பான இடம் இருக்குமே, அதை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் கையால் கீறிய எழுத்துகள் தெரியும். தட்டை வெட்டியவர், அதாவது பாட்டை மூலத் தட்டில் வரியாகச் செதுக்கியவர், யார் என்பது பல சமயம் அதில்தான் இருக்கும். அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்.

சத்தப் போட்டி சிடி வந்த பிறகு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. 1969இல் லெட் செப்பலினின் இரண்டாம் ஆல்பத்தை பாப் லட்விக் வெட்டியபோது மிகவும் உரக்க வெட்டிவிட்டார். அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்டெகனின் மகளுடைய சின்ன பிளேயரில் ஊசி துள்ளிப் பாய்ந்ததாம். அவ்வளவுதான், சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையை லட்விக்கே சொல்லியிருக்கிறார். அந்த முதல் வெட்டில் 'ஆர்.எல்.' என்று கீறியிருக்கும், இன்றைக்கும் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள்.

ஆனால் அங்கே ஏறியது தட்டின் சத்தம்தான். பாட்டின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. உங்கள் தட்டில் நடந்திருப்பது வேறு என்று நினைக்கிறேன். பழையநாடா சார் வந்தால் சரியாகச் சொல்வார்.

#3 பழையநாடா

வந்துவிட்டேன். முன்பு மாஸ்டரிங் அறையில் உதவியாளனாக இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

மூன்று வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ரீமிக்ஸ் என்றால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் மல்டிடிராக் நாடாவுக்கே போய், மறுபடி கலப்பது. ஸ்டீவன் வில்சன் கிங் கிரிம்சனுக்கும் ஜெத்ரோ டல்லுக்கும் செய்தது இது. ரீமாஸ்டர் என்றால் ஏற்கெனவே கலந்து முடித்த இரண்டு டிராக் நாடாவை எடுத்து, அதன் தொனியையும் சத்தத்தையும் சீர்செய்வது. மூன்றாவது, அதை வினைலில் வெட்டுவது. இது தனிக் கை, தனி இயந்திரம்.

ஊசிமுனை சொல்லும் களைப்பு பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில் வருவது. லிமிட்டர் என்ற கருவி, உச்சத்தில் தெறிக்கும் சத்தங்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உச்சம் அமுங்கியதும் மொத்தத்தையும் மேலே தூக்கலாம். சராசரி சத்தம் ஏறும், உச்சத்துக்கும் சராசரிக்கும் இருந்த இடைவெளி சுருங்கும். ஸ்னேர் டிரம்மின் அடி இருப்பதே அந்த இடைவெளியில்தான். அடி தெரிகிறது, விழவில்லை என்றீர்களே, அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இதில் பெயர் கெட்ட ஆல்பம் மெட்டாலிகாவின் 2008 வெளியீடான 'டெத் மேக்னெடிக்'. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டிலும் வந்தன, அந்த வடிவம் இப்படி நசுங்கியிருக்கவில்லை. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்றார். ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெய்ல்ஸ்' இன்னொரு உதாரணம். 2002இல் வந்தது, சத்தம் உடைந்து கிடந்தது, கடைசியில் 2013இல் முழுவதையும் ரீமிக்ஸ் செய்தே வெளியிட வேண்டியதாயிற்று. மிக்ஸிலேயே நசுங்கியதை மாஸ்டரிங்கில் நிமிர்த்த முடியாது.

#4 எட்டாம்வரிசை

ஆனால் வினைலில் அவ்வளவு நசுக்க முடியாதே? நான் ஒரு புது ஆல்பத்தை அளந்து பார்த்தேன். பாட்டின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டி.ஆர். மீட்டர் சிடியில் 6 காட்டியது, வினைல் 11 காட்டியது. வினைலுக்குத் தனி மாஸ்டர் போட்டிருக்கிறார்கள் என்று தானே அர்த்தம்?

#5 பழையநாடா

இல்லை தம்பி, இந்தப் பொறியில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். சிடிக்குப் போன நசுங்கிய அதே டிஜிட்டல் கோப்பினை அப்படியே வெட்டி, அந்தத் தட்டை ஓட்டிப் பதிவு செய்து அளந்தாலும் எண் கூடத்தான் காட்டும். வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் அலையின் வடிவம் கொஞ்சம் சாய்கிறது, அமுங்கித் தட்டையாகிப்போன உச்சிகள் மறுபடி கூர்மையாகின்றன. மீட்டர் அந்தக் கூர்மையைப் பார்த்து ஏமாறுகிறது. போன அடி திரும்பி வருவதில்லை. டி.ஆர். எண்ணைக் கொண்டு சிடியோடு சிடியை ஒப்பிடுங்கள், வினைலோடு ஒப்பிடாதீர்கள்.

'வினைலில் நசுக்க முடியாது' என்பதும் பாதி உண்மைதான். தட்டில் உரக்க வெட்டினால் வரி அகலமாகும், அகலமானால் இடம் போதாது. ஒரு பக்கத்துக்கு 18, 20 நிமிடம் என்றால் வசதி. 25 நிமிடம் திணித்தால் மொத்தச் சத்தத்தையும் குறைத்தே ஆக வேண்டும். அப்புறம் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு. வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்குவார்கள், உங்கள் ஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பும். அதனால் ஓயாமல் உரக்க, பளிச்சென்று இருக்கும் நசுங்கிய கோப்பு வந்தால் வரியைச் செதுக்கும் வெட்டுத் தலையின் சுருள்கள் சூடேறும். வெட்டுபவர் வேறு வழியில்லாமல் சத்தத்தை இறக்குவார். கடைசியில் பாருங்கள் வேடிக்கையை: சத்தத்துக்காக நசுக்கிய கோப்பு, தட்டில் பழைய பதிப்பைவிட மெலிதாக வந்து உட்காரும். நசுங்கலும் மிச்சம், சத்தமும் போச்சு.

#6 தனிமரம்

கேட்கவே இனிமையாக இருக்கிறது. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவே 16 பிட் சிடிக்கு 96 டெசிபல் இடைவெளி. நல்ல வினைலே 60, 70ஐத் தாண்டினால் பெரிய விஷயம். உட்பக்கம் போகப் போகத் தெளிவு குறையும், தூசு பொரியும். இத்தனை குறையையும் தெரிந்தே வாங்கிவிட்டு, அப்புறம் மாஸ்டரிங்கைத் திட்டுகிறோம். ஸ்ட்ரீமிங்கில் இப்போது எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவில் வைக்கிறது. நசுக்கியவனுக்கு அங்கே ஒரு லாபமும் இல்லை. நசுங்கியது நசுங்கியதாகவே, சத்தமும் இல்லாமல் கேட்கும்.

2022 மறந்துவிட்டதா? பழைய ஆல்பங்களை உயர்தரத்தில் மறுபதிப்பிடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளில் டிஜிட்டல் படி ஒன்று நடுவில் இருக்கிறது என்று வெளிவந்தபோது, 'அனலாக் வெதுவெதுப்பு' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய காதுகள் எல்லாம் எங்கே போயின?

#7 கருந்தட்டு

அந்தக் காதுகளில் இரண்டு என்னுடையவை. ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த வரிசையில் நான்கு தட்டுகள் வைத்திருந்தேன், நண்பர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறேன், 'நாடா பேசுகிறது கேளுங்கள்' என்று வேறு சொன்னேன். செய்தி வந்த அன்று இரவு மறுபடி போட்டுக் கேட்டேன். அதே தட்டு, அதே இனிமை. நான்தான் மாறிவிட்டேன்.

எனக்கு அதில் கோபம் சொல்லாமல் விட்டதற்குத்தான். டிஜிட்டல் படி வந்ததால் தட்டு கெட்டுப்போகவில்லை. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' டிஜிட்டலாகவே பதிவாகி 1985இல் வந்தது. அதன் முதல் எல்.பி.யில் குறை என்றால், ஒரே தட்டில் அடக்குவதற்காகச் சில பாட்டுகளைச் சுருக்கியதுதான். மறுபக்கம், பீட்டில்ஸ் மோனோ தட்டுகளை 2014இல் டிஜிட்டலே தொடாமல் பழைய நாடாவிலிருந்தே வெட்டினார்கள், அவையும் அருமை. நாடாவா கோப்பா என்பதைவிட வெட்டியவர் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்பதே எனக்கு முக்கியம் என்று இப்போது படுகிறது. இதைச் சொல்ல எனக்கு நான்கு தட்டுகள் செலவாகின.

#8 தனிமரம்

இந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். இனி உங்களைக் கிண்டல் செய்ய மாட்டேன், இந்த இழையில் மட்டும்.

#9 மேடைப்பின்

கச்சேரி பற்றியும் கேட்டிருந்தாரே, யாரும் தொடவில்லை. நான் மேடைக்கு எதிரே மிக்ஸர் முன்னால் நிற்கிற ஆள். திட்டு வாங்கிப் பழகியவன், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

கச்சேரி ஏன் அவ்வளவு உரக்கப் போகிறது? முதல் காரணம் டிரம்ஸ். ஒரு மைக்கும் இல்லாமல், பக்கத்தில் நின்றால் ராக் டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் கிட்டார் ஆம்ப் கேட்க வேண்டும், அதற்கு மேல் பாடகர் கேட்க வேண்டும், இத்தனைக்கும் மேல் கூட்டம் கத்துகிறது. சின்ன அரங்கில் நான் மிக்ஸரின் எல்லா ஃபேடரையும் (சத்தம் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடி) இறக்கினாலும் மேடைச் சத்தமே போதுமானதாக இருக்கும். மார்ஷலின் 100 வாட் ஆம்ப் பிறந்ததே 1965 வாக்கில் தி ஹூ குழு 'இன்னும், இன்னும்' என்று கேட்டதால்தான். அதே குழு 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் மைதானத்தில் வாசித்தபோது 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் பதிவானது. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பின்னாளில் காதைக் கெடுத்துக்கொள்ளும் போட்டிக்கு ஊக்கம் தர வேண்டாம் என்று கின்னஸ் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது போனது எல்லாருக்கும் தெரியும். அவர் குறை சொல்வது மேடையை அல்ல, ஸ்டூடியோ ஹெட்ஃபோனை. வீட்டில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டினார்கள்: மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் ஏற ஏற பேஸ் நிரம்பி வருகிறது, எல்லாம் 'முழுசாக' தோன்றுகிறது. ஊசிமுனையின் ரீமாஸ்டர் முதல் பத்து வினாடி அசத்தியதும் இதனால் இருக்கலாம். கச்சேரியில் மூன்றாவது பாட்டில் குழுவின் மேனேஜர் என் தோளைத் தட்டி 'கொஞ்சம் ஏற்று' என்பதும் இதனால்தான். காது அதற்குள் மரத்திருக்கும், அதனால் ஏற்றச் சொல்கிறார். ஏற்றினால் இன்னும் மரக்கும். ஒன்பது மணிக்கு 98இல் தொடங்கிய நிகழ்ச்சி பதினோரு மணிக்கு 104இல் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த 104ஐ ஏற்றியது என் கைதான்.

வாத்தியங்கள் பிரியவில்லை என்றீர்கள். அது சத்தத்தால் மட்டும் வருவதல்ல. கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் உள்ள அரங்கில் பேஸ் ஒருமுறை எழுந்தால் அடங்க நேரமாகும். போன அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுகிறது. அந்த இடத்தில் சத்தத்தைக் குறைப்பதுதான் தெளிவுக்கு ஒரே வழி. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

#10 எட்டாம்வரிசை

அண்ணே, ஆனால் ராக் என்றால் நெஞ்சில் இடிக்க வேண்டாமா? சத்தம் குறைத்து வைத்த ஒரு கச்சேரிக்குப் போனேன். பின்னால் இரண்டு பேர் வீட்டு விவகாரம் பேசிக்கொண்டது முழுக்கக் கேட்டது. பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது.

#11 மேடைப்பின்

அது ஞாயம். நெஞ்சில் இடிப்பது பேஸ், காதைக் கிழிப்பது பெரும்பாலும் நடு உயர் சுருதி. ஸ்னேர், சிம்பல், கிட்டாரின் பல்லுக்கூச்சம் எல்லாம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் குவியும், காதும் அங்கேதான் கூர்மை. அந்தப் பகுதியைக் கொஞ்சம் இறக்கி, பேஸை விட்டுவிட்டால் நெஞ்சும் இடிக்கும், காதும் பிழைக்கும். நல்ல கைகள் இதைத்தான் செய்கின்றன. பிரான்சில் 2017 ஆணையில் இதனால்தான் இரண்டு அளவுகள் வைத்தார்கள்: 15 நிமிடச் சராசரி, பேஸை அதிகம் எண்ணாத ஏ எடையில் 102 டெசிபல், பேஸையும் எண்ணும் சி எடையில் 118. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு 15 நிமிடச் சராசரி 100.

அந்த 100 என்பதும் பாதுகாப்பான எண் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுக்கொண்டே வாருங்கள், 100இல் வெறும் 15 நிமிடம். கச்சேரி இரண்டு மணி நேரம்.

முன்பெல்லாம் பின்வரிசைக்குப் போனால் தப்பிக்கலாம். இப்போது லைன் அரே வந்துவிட்டது, வாழைத்தார் மாதிரி தொங்குமே அதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் சத்தம் கிட்டத்தட்ட சமமாகப் போவதுதான் அதன் பெருமை. தப்பி ஓட இடமில்லை என்பதும் அதனால்தான்.

#12 ஊசிமுனை

அந்த 'கீ' சத்தம் இரண்டு நாளில் நின்றுவிட்டது. நின்றால் சரியாகிவிட்டது என்று தானே பொருள்?

#13 மேடைப்பின்

நின்றது நல்லது. ஆனால் அது எச்சரிக்கை மணி. உள்காதின் மயிர் செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. நாட்கள் கடந்தும் நிற்காமல் இருந்தாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே காது மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த முறை காதடைப்பான் போடுங்கள். மஞ்சள் பஞ்சு மாதிரி இருப்பதும் காக்கும், ஆனால் ட்ரெபிளை அதிகமாக விழுங்கிவிடும், போர்வைக்குள் இருந்து கேட்பது போல் இருக்கும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்தது உண்டு. எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு இறக்கும். 15 டெசிபல் இறங்கினால் அந்த 15 நிமிடக் கணக்கு எட்டு மணி நேரமாகிவிடும், சரியாகப் பொருத்தினால். பாதி பேர் நுனியில் செருகிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். எதிர்க்கையால் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு உள்ளே தள்ள வேண்டும்.

நான் போட்டுக்கொண்டு மிக்ஸ் செய்வேனா என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

#14 தனிமரம்

கச்சேரியில் வால்யூம் குமிழ் அவர் கையில். வீட்டில் நம் கையில். அப்படியிருக்க ஊசிமுனை இரண்டு தட்டையும் சமச் சத்தத்தில் கேட்டாரா என்று யாருமே கேட்கவில்லை. அரை டெசிபல், ஒரு டெசிபல் கூட இருந்தாலே உரக்க இருப்பது 'நல்ல பதிப்பு' ஆகிவிடும். இரண்டையும் கணினியில் பதிவு செய்து, சராசரிச் சத்தத்தைச் சமப்படுத்தி, வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை எல்லாமே கதைதான்.

#15 ஊசிமுனை

தனிமரம் சொன்னபடி செய்தேன். இரண்டு வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். முடிவு என் பக்கம் முழுசாக இல்லை.

இரண்டாவது பாட்டு ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும், ஒரு நிமிடம் கழித்து மொத்தக் குழுவும் உள்ளே பாயும். பழைய தட்டில் அந்தப் பாய்ச்சல் 9 டெசிபல். புதியதில் 4. சமச் சத்தத்தில் என் மகள் மாற்றி மாற்றிப் போட்டாள், பத்துக்குப் பத்து முறையும் எது எது என்று சொல்லிவிட்டேன். பொரிகிற சத்தம் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அது இல்லாத துண்டாகத்தான் எடுத்தோம். அதனால் டிரம்ஸ் விஷயத்தில் என் காதில் கோளாறு இல்லை.

ஆனால் பேஸ் புதியதில் உண்மையிலேயே தெளிவு. பழையதில் பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்கள் கரைந்துபோய் இருந்தன. முதல் பக்கம் மூன்றாவது பாட்டை இனிமேல் புதியதில்தான் கேட்பேன். வருத்தமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த 'ஸ' சீறல்தான் அவமானம். லேபிளுக்குப் பக்கத்தில் கீறிய எழுத்தைத் தேடி, வெட்டியவரைக் கண்டுபிடித்து, திட்டி ஒரு கடிதமே எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் சும்மா கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய தலைப்பகுதி) அளவுத்தாளில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் கார்ட்ரிட்ஜ் மாற்றியபோது இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தியிருக்கிறேன். சரிசெய்து போட்டால் சீறல் முக்கால்வாசி காணோம். பழைய தட்டின் கடைசிப் பாட்டும் தெளிந்துவிட்டது. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

#16 பழையநாடா

கிழித்தது நல்லது. கடைசிப் பாட்டில் அந்தத் தவறு பெரிதாகத் தெரிவது இயல்பு. வெளி வரியில் ஊசிக்கு அடியில் வினைல் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும், லேபிள் பக்கம் வந்தால் 21தான். ஒரே 'ஸ' பாதி இடத்துக்கும் குறைவாக நெருக்கி எழுதப்படுகிறது. ஊசி கொஞ்சம் கோணினாலும் படிக்கத் தெரியாமல் சீறும். அந்தக் காலத் தயாரிப்பாளர்கள் பக்கக் கடைசியில் மெதுவான பாட்டை வைத்ததில் பாதி இந்தப் பயம்.

9 டெசிபல் 4 ஆனதுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது. பேஸ் தெளிவானதற்கு அவர்கள் நாடாவிலிருந்து நேராக எடுத்திருக்க வேண்டும். அவ்வளவு நல்ல மூலம் கையில் இருந்தும் லிமிட்டரைத் தொட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

#17 கருந்தட்டு

ஊசிமுனை, கார்ட்ரிட்ஜை நகர்த்திய பிறகு ஊசி அழுத்தும் எடையும், ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் மறுபடி பார்த்தீர்களா?

#18 ஊசிமுனை

பார்க்கவில்லை. இதோ எழுந்து போகிறேன்.